மேற்பூச்சு போதும் ஐயா: ஆயர்களுக்கும் சேகர மன்றங்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் புராட்டஸ்டண்ட் திருச்சபைகளின் ஆயர்களுக்கும், சபை நிர்வாகத்தைப் பார்க்கும் சேகர மன்ற உறுப்பினர்களுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமார்களுக்கும் கிறிஸ்துவுக்குள் அன்பின் வாழ்த்துகள்.

நான் ஒரு உபதேசியாரின் மகள். குடும்பநல ஆலோசகராகப் பயிற்சி பெற்று அந்த வேலையையே செய்துவருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் நம் சபைப் பிள்ளைகள். என்னிடம் வருவதற்கு முன்பே அவர்கள் வீட்டுத் துயரத்தோடு உங்களிடம் வந்திருக்கிறார்கள். அங்கே என்ன நடந்தது, பிறகு வீட்டில் என்ன நடந்தது என்பதையெல்லாம் என் முன்னால் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்கள். உங்களிடம் வந்து அதைச் சொல்ல அவர்களுக்குத் தைரியம் இல்லை. அவர்கள் சார்பில் நான் சொல்கிறேன். ஆட்களின் அடையாளம் தெரியாதபடி பல கதைகளைக் கலந்தே எழுதுகிறேன்.

ஆயர் குடியிருக்கும் குருமனை முன்னறையில் நடப்பது அநேகமாக ஒரே மாதிரிதான். பெண் முதலில் தனியாக வந்து ஆயரின் மனைவியான ஐயரம்மாவிடம் அழுவாள். ஐயரம்மா ஐயரிடம் சொல்வார். ஐயர் சேகரச் செயலரைக் கலந்துகொண்டு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இரண்டு பேரையும் வரச்சொல்வார். கணவன் தன் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு வருவான். பெரியப்பா சேகர மன்றத்தில் இருப்பவர். காபி வரும். முதலில் கணவன் பேசுவான். நிதானமாக, மரியாதையாகப் பேசுவான். பெண்ணின் முறை வரும்போது அந்த அறையில் நாலைந்து ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். "சொல்லும்மா, தயங்காமச் சொல்லு" என்பார்கள். அவள் தரையைப் பார்ப்பாள். எபேசியர் ஐந்தாம் அதிகாரம் வாசிக்கப்படும், பெரும்பாலும் மனைவிகளைக் கீழ்ப்படியச் சொல்லும் 22ஆம் வசனத்திலிருந்து. ஜெபம் முடிந்ததும் கையைப் பிடித்துச் சேர்த்துவைப்பீர்கள். இருவரும் ஒரே பைக்கில் வீடு திரும்புவார்கள்.

"சமாதானமாக்கி அனுப்பியாச்சு" என்று மன்றத்தில் பேச்சு முடிந்துவிடும். பைக் வீட்டு வாசலில் நின்ற பிறகு நடந்ததைத்தான் என்னிடம் சொல்கிறார்கள். "ஊரக் கூட்டி என் மானத்த வாங்கிட்டேல்ல" என்று தொடங்கும் அந்த இரவு முந்தின இரவுகளைவிட மோசமானது. அதன்பிறகு அவள் குருமனைப் பக்கம் வருவதில்லை. குடும்பம் சரியாகிவிட்டது என்று நீங்கள் நினைத்துக்கொள்கிறீர்கள்.

எரேமியா இதைத்தான் சொன்னார்: "சமாதானமில்லாதிருந்தும், சமாதானம் சமாதானம் என்று சொல்லி, என் ஜனத்தின் காயங்களை மேற்பூச்சாய்க் குணமாக்குகிறார்கள்." அவர் அதைச் சொன்னது தீர்க்கதரிசிகளையும் ஆசாரியர்களையும் பார்த்துத்தான்.

உங்கள் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. நள்ளிரவில் போன் வந்தாலும் எழுந்து போகிற ஆயர்களை எனக்குத் தெரியும். குறை எங்கே என்றால், சண்டை போட்டுக்கொள்ளும் வீட்டையும் ஒருவர் பயந்து வாழும் வீட்டையும் நீங்கள் ஒரே மாதிரி கையாளுகிறீர்கள்.

சண்டை என்றால் இரண்டு பேருக்கும் வாய் இருக்கும். நகையை அடகு வைத்தது, அம்மா வீட்டுக்கு அனுப்பிய பணம், நாத்தனார் சொன்ன வார்த்தை, இரவெல்லாம் கையில் இருக்கும் போன், மாசக்கணக்கில் பேசாமல் இருப்பது என்று ஆயிரம் இருக்கும். அவர்களைச் சேர்த்து உட்காரவைத்துப் பேசலாம், பேசவேண்டும். ஒரு தடவையில் முடியாது; வாரம் ஒருமுறை என்று சில மாதங்கள் ஆகும். ஆனால் அடி விழுகிற வீட்டில், பக்கத்தில் கணவனை வைத்துக்கொண்டு அவள் உண்மையைச் சொல்லமாட்டாள். சொன்னால் அதற்கும் சேர்த்து வீட்டில் வாங்குவாள். அதனால்தான் எங்கள் பயிற்சியில் முதலில் இருவரையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லித்தருகிறார்கள். அடி இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் தம்பதியைச் சேர்த்து உட்காரவைக்கும் ஆலோசனை அங்கேயே நிற்கவேண்டும். அவளிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, "வீட்டுக்குப் போகப் பயமா இருக்காம்மா?" கேட்பவர் ஒரு பெண்ணாக இருக்கவேண்டும். கதவுக்கு வெளியே பெரியப்பா நிற்கக் கூடாது.

"நம் சபையில் அதெல்லாம் இல்லை" என்று ஒரு மூத்த ஆயர் என்னிடம் சொன்னார். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனிடம் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருப்பதாகச் சொன்னார்கள். இந்திய அளவில் அது 29 சதவீதத்தை ஒட்டியது; நாம் அதைவிட மேலே இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பகுதியில் உட்கார்ந்திருப்பவர்கள் இந்தத் தமிழ்நாட்டுப் பெண்கள்தான். ஞானஸ்நானம் பெற்ற கை ஓங்காது என்று நம்ப எனக்கும் ஆசைதான்.

அரசாங்கத்தின் விதியைப் பாருங்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் வந்து, 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகளில் ஆலோசனை எப்படி நடக்கவேண்டும் என்று ஒரு பகுதி இருக்கிறது. தகராறில் சம்பந்தப்பட்டவரோ, இரண்டு தரப்பில் ஒருவருக்குச் சொந்தக்காரரோ ஆலோசகராக இருக்கக் கூடாது. "அவ வாய் பேசினா, அதனாலதான் கை நீட்டினேன்" என்பது போன்ற எந்த நியாயத்தையும் ஆலோசனையில் பேச அவனை அனுமதிக்கக் கூடாது. இனி கொடுமை செய்யமாட்டேன் என்று அவன் உறுதி எழுதிக் கொடுக்கவேண்டும். பெரியப்பாவை வைத்துக்கொண்டு, "நீயும் கொஞ்சம் வாயை அடக்கியிருக்கலாம்ல" என்று பெண்ணைக் கேட்கும் நம் முன்னறையைவிட, ஆண்டவர் பெயரைச் சொல்லாத அந்தச் சர்க்கார் விதி நீதிக்குப் பக்கத்தில் நிற்கிறது. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

வேதத்தைப் பற்றியும் பேசியாகவேண்டும், ஏனென்றால் அந்த அறையில் அது அவளுக்கு எதிராகவே திறக்கப்படுகிறது. எபேசியரில் 22ஆம் வசனத்துக்கு முன்னால் 21 இருக்கிறது: "தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்." 25இல் தொடங்கி அதிகாரம் முடியும்வரை அதிகம் பேசப்படுவது புருஷனுக்கு. மல்கியாவில் "தள்ளிவிடுதலை நான் வெறுக்கிறேன்" என்பதை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்கிறீர்கள். அதே வசனம் "கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறான்" என்று தொடர்வதை நான் ஒரு பிரசங்கத்திலும் கேட்டதில்லை. கண்காணிப்பு ஊழியத்துக்குத் தகுதியில்லாதவர் பட்டியலில் பவுல் "மதுபானப்பிரியனும், அடிக்கிறவனும்" என்று சேர்த்தே எழுதுகிறார். மன்றத் தேர்தலில் நிற்பவர்களிடம் காணிக்கை பாக்கி இருக்கிறதா என்று பார்க்கிறோம். வீட்டில் அடிக்கிறாரா என்று யார் பார்த்தோம்? மனைவிக்குச் செய்யவேண்டிய கனத்தைச் செய், "உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு" என்கிறார் பேதுரு. கணவனின் ஜெபம் மேலே போகாது என்று இத்தனை வெளிப்படையாக எழுதியிருக்க, மனைவி இன்னும் ஊக்கமாக ஜெபிக்கவேண்டும் என்றே சொல்லியனுப்புகிறோம்.

போலீசுக்குப் போகக் கூடாது என்பதற்கு முதலாம் கொரிந்தியர் ஆறாம் அதிகாரத்தைக் காட்டுகிறீர்கள். விசுவாசிகள் தங்களுக்குள்ளான வழக்கை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று பவுல் எழுதியது உண்மை. அவருக்கே உயிராபத்து வந்தபோது இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசருக்கு, அபயமிட்டதும் உண்மை. அப்போஸ்தலர் 25இல் இருக்கிறது. காது சவ்வு கிழிந்த பெண்ணின் விஷயம் எந்தப் பவுலுக்குப் பொருந்தும் என்று நீங்களே சொல்லுங்கள்.

கத்தோலிக்கச் சகோதரர்கள் திருமணத்தைத் திருவருட்சாதனம் என்று நம்புகிறவர்கள். மணமுறிவை நம்மைவிடக் கறாராக மறுக்கிறவர்கள். அவர்களுடைய திருச்சபைச் சட்டமே, துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ பெரிய ஆபத்து இருந்தால் பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டு என்கிறது. போப் பிரான்சிஸ் 2016இல் குடும்பங்களைப் பற்றி வெளியிட்ட ஊக்கவுரையில், பலவீனமானவரையும் பிள்ளைகளையும் கொடுமையிலிருந்து காப்பாற்றப் பிரிவு சில நேரம் தவிர்க்கமுடியாதது, அறநெறிப்படியே தேவையானதும்கூட என்று எழுதினார். அவர்களே அவ்வளவு தூரம் வந்தபிறகு, "பொறுத்துப் போம்மா, பிள்ளைங்கள நெனச்சிப் பாரு" என்பதோடு நாம் நின்றால் எப்படி? பிள்ளைகளை நினைத்துத்தான் அவள் வந்திருக்கிறாள். இரவில் சத்தம் கேட்டுப் படுக்கையை நனைக்கும் எட்டு வயதுப் பையனை அவளைவிட யார் அதிகம் நினைத்தார்கள்?

மன்னிப்பைப் பற்றியும் கேட்பீர்கள். ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொன்னவரைத்தான் நானும் ஆராதிக்கிறேன். அவனை மன்னிப்பது அவளுக்கும் ஆண்டவருக்கும் இடையில் உள்ளது. அதற்கு வருஷங்கள் ஆகலாம். இன்று ராத்திரி அவள் எங்கே தூங்குவாள் என்பது வேறு கேள்வி. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மூடிவிடாதீர்கள்.

இன்னொன்று கவனித்திருக்கிறேன். பெண் உடைந்து அழத் தொடங்கும் சரியான அந்த நிமிடத்தில் "ஜெபம் பண்ணலாமா" என்று எழுந்துவிடுகிறோம். கேட்கமுடியாத கதையிலிருந்து நமக்கு ஒரு வாசல் வேண்டியிருக்கிறது, ஜெபத்தை அந்த வாசலாக்கிக்கொள்கிறோம். நானும் ஜெபிக்கிறவள்தான். கேட்டால், கடைசியில், அவர்கள் சொன்ன வார்த்தைகளையே எடுத்து ஜெபிப்பேன். சில நேரம் 55ஆம் சங்கீதத்தை வாசிக்கக் கொடுப்பேன்: "என்னை நிந்தித்தவன் சத்துரு அல்ல, அப்படியிருந்தால் சகிப்பேன்." இப்படியெல்லாம் பைபிளில் இருக்கிறதா என்று ஞாயிறு பள்ளி ஆசிரியையே கேட்டார். நம் ஆராதனையில் துதிக்கு நேரம் ஒதுக்கிய அளவு புலம்பலுக்கு ஒதுக்கவில்லை. பாவம், அவருக்கு எங்கிருந்து தெரியும்?

ஏலியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆலயத்து நிலை அருகே ஆசனத்தில் உட்கார்ந்திருந்த வயதான ஆசாரியர். பிள்ளை வேண்டி உதடு மட்டும் அசைய அழுதுகொண்டிருந்த அன்னாளைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்று நினைத்து, "நீ எதுவரைக்கும் வெறித்திருப்பாய்?" என்று கேட்டுவிட்டார். அவள் பயப்படாமல் "நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ" என்று திருத்தினாள். அவர் கோபப்படவில்லை. சேகர மன்றத்தைக் கூட்டவில்லை. சொன்னதைக் கேட்டுக்கொண்டார், பிறகு "சமாதானத்துடனே போ" என்றார். கேட்டபிறகு சொன்ன சமாதானம் அது.

அன்னாள் பேச்சு வந்ததால் பிள்ளையில்லாத வீடுகளைப் பற்றி ஒன்று. "கர்ப்பத்தின் கனி அவரால் கிடைக்கும் பலன்" என்று சாட்சி சொல்லும்போதெல்லாம் நாலாவது வரிசையில் ஒருத்தி தலையைக் குனிந்துகொள்கிறாள். கணவன் பரிசோதனைக்குப் போகவே இல்லை என்பதும், அவள் மட்டும் மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கிவிட்டாள் என்பதும் உங்களுக்குத் தெரியாது. "பரிசோதனை ரெண்டு பேருக்கும் செய்யணும்" என்று ஆயர் ஒருவர் சொன்னால் மாமியார் வாய் அடங்கும். ஆலோசகர் சொன்னால் அடங்காது. இந்த விஷயத்தில் உங்கள் அங்கிக்கு இருக்கும் பலம் எனக்கு இல்லை.

குடியைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் என்னிடம் வரும் வீடுகளில் பாதிக்கு மேல் அதுதான் வாசல். கன்வென்ஷன் என்னும் நற்செய்திக் கூட்டத்தின் கடைசி இரவில் மேடைக்கு முன்னால் வந்து முழங்கால்படியிட்டு, "இனி தொடமாட்டேன்" என்று ஒப்புக்கொடுக்கிறான். அவன் கண்ணீர் பொய்யில்லை. வருஷக்கணக்காகத் தினமும் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் என்ன செய்யும் என்று மேடையில் இருப்பவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஓரிரு நாளில் கை நடுங்கும், தூக்கம் போகும், வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள், யாரோ பேசுவது கேட்கும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகவும் கூடும். அதைப் பிசாசின் போராட்டம் என்று எண்ணி, கதவைப் பூட்டி உபவாச ஜெபம் நடத்திய வீட்டை நான் பார்த்திருக்கிறேன். ஒப்புக்கொடுத்த அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய்ச் சேர்த்து, மருந்தோடு நிறுத்தவைப்பதுதான் அவன் தீர்மானத்துக்கு நாம் செய்யும் மரியாதை.

குடிநோயாளியின் மனைவியும் பிள்ளைகளும் தனியாகக் குணமாகவேண்டியவர்கள். சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையை 1980இல் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், குடியால் கணவனை இழந்தவர். அந்த மருத்துவமனையில் குடும்பத்தாருக்கென்றே சிகிச்சைப் பகுதி வைத்தார்கள். குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஏ.ஏ. கூட்டங்களும், அவர்கள் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டங்களும் கட்டணம் வாங்குவதில்லை. அவர்கள் கேட்பது ஒரு அறையும் பத்துப் பதினைந்து நாற்காலியும். ஆலய வளாகத்தில் வாரத்தில் ஆறு நாள் பூட்டிக்கிடக்கும் ஞாயிறு பள்ளி அறை போதும்.

மனநோயையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெபித்துச் சுகம் கிடைத்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். சர்க்கரை மாத்திரையை அப்படி நிறுத்தச் சொல்கிற ஆயர் யாரும் இல்லை. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தார் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறையைப் பல காலமாக நடத்திவருகிறது. மிஷனரி மருத்துவர்கள் நமக்கு விட்டுச்சென்ற சொத்து அது. பெருமைக்குச் சொல்லிக்கொள்கிறோம், நம் வீட்டுப் பிள்ளைக்கு என்றால் மந்திரவாதிக்குச் சமமான ஒருவரிடம் கூட்டிப்போகிறோம்.

ரகசியம் காப்பது பற்றி என் கோபத்தை மறைக்க விரும்பவில்லை. குருமனையில் வெள்ளிக்கிழமை சொன்னது ஞாயிறு காலை ஜெபக் குறிப்பாகிவிடுகிறது. "பேரு சொல்லல, நம்ம தெருவுல ஒரு குடும்பம், புருஷன் வெளிநாடு, பொண்டாட்டிக்காக ஜெபிச்சுக்கங்க" என்று வாட்ஸாப் குழுவில் வந்தால் யார் என்று ஊருக்குத் தெரியாதா? அந்தப் பெண்ணுக்கு என்னிடம் வாய் திறக்க நான்கு சந்திப்புகள் ஆயிற்று. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பிள்ளைகள் பாலியல் கொடுமைக்கு ஆளாவதாகத் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைத் தெரிந்துகொண்ட எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும்; சொல்லாமல் மறைப்பது குற்றம். தாய்மாமனாக இருந்தாலும், ஞாயிறு பள்ளி சூப்பிரண்டாக இருந்தாலும், ஆயருக்கும் சேர்த்துத்தான் அந்தச் சட்டம். குடும்ப மானம், சபை மானம் என்று பேச அங்கே இடமில்லை.

ஆண்களை மறந்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். அவர்கள் தாமதமாக வருகிறார்கள். வந்தாலும் பாதிக் கதையோடு எழுந்து போகிறார்கள். பன்னிரண்டு வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்து, சொந்த வீட்டில் விருந்தாளியாகிப்போன அப்பாக்கள் இருக்கிறார்கள். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவே நின்று இரண்டு பக்கமும் பொய் சொல்லிக் களைத்தவர்கள் இருக்கிறார்கள். மனைவி பிள்ளைகளோடு போய்விட்டாள் என்பதை ஆலயத்தில் மறைக்க, எட்டு மணி ஆராதனையைவிட்டு விடியற்கால ஆராதனைக்கு மாறியவரைத் தெரியும். கை ஓங்குகிறவர்களிலும் சிலர் மாற விரும்புகிறார்கள். அப்பாவிடம் அடிவாங்கி வளர்ந்தவன், அதேபோல் ஆகிவிட்டேனே என்று என் முன்னால் அழுதிருக்கிறான். அவன் மாற மாதங்கள் வேண்டும், தனியாக ஒரு ஆலோசகர் வேண்டும், அதுவரை மனைவியும் பிள்ளைகளும் பத்திரமான இடத்தில் இருக்கவேண்டும். ஆண்கள் ஐக்கியக் கூட்டத்தில் கோபுர நிதியைப் பற்றிப் பேசும் நேரத்தில் கொஞ்சம் இதைப் பேசக்கூடாதா?

அடுத்தது உங்கள் வீடு. கேட்க உரிமையில்லை என்று சொல்லமாட்டீர்கள் என்று நம்புகிறேன். சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றல். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ஐயரம்மாவின் வேலை, ஒவ்வொரு தடவையும் அறுந்துபோகும் சிநேகிதம். எல்லாருடைய கண்ணீரையும் கேட்கும் ஐயரம்மா தன் கண்ணீரை யாரிடம் சொல்வார்? சபையாரிடம் சொன்னால் ஐயர் மானம் போகும். மற்ற ஐயரம்மாவிடம் சொன்னால் பேராயர் அலுவலகம் வரை போகும். ஊர் மாறி, பஸ் ஏறி, வேறு பேரில் என்னிடம் வந்தவர்கள் உண்டு. ஆயர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் திருமண்டல நிர்வாகத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு ஆலோசகர் வேண்டும். அவர் யாரைப் பார்க்கிறார் என்ற கணக்கு பேராயர் மேசைக்குப் போகக் கூடாது. மாற்றல் உத்தரவு போடுகிறவரிடமே மனதைத் திறக்கச் சொல்வது நடக்காத காரியம்.

"வீட்டைவிட்டு வந்தவளைச் சபை ஆதரித்தால் ஊர் என்ன சொல்லும்" என்று ஒருமுறை ஒரு மன்ற உறுப்பினர் கேட்டார். பாளையங்கோட்டைக்காரர். அவருக்குப் பாப்பாத்தியம்மாள் கோயிலை ஞாபகப்படுத்தினேன். திருநெல்வேலியில் நம் சபை வரலாற்றின் முதல் பக்கத்தில் இருப்பவர் குளோரிந்தா: பிராமண விதவை, ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு முறைப்படி மணமாகாமல் வாழ்ந்தவர். அதற்காக மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, 1778இல் கொடுத்தார். 1785இல் எழுந்த, அந்த அம்மாள் கட்டிய ஆலயம்தான் பாப்பாத்தியம்மாள் கோயில். இன்றைய சேகர மன்றத்தின் முன்னால் அவர் வந்து நின்றால், உறுப்பினர் படிவம் கிடைத்திருக்குமா தெரியவில்லை. பக்கத்தில் டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் ஓடிவந்த பெண்பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவைத்ததும் இதே மண்ணில்தான். ஊர் அப்போதும் பேசியது.

என்ன கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சேகரத்துக்கும் முடியாவிட்டால், நாலைந்து சேகரம் சேர்ந்து ஒரு ஆலோசகரை, கட்டாயம் ஒரு பெண்ணை, சம்பளத்துக்கு வையுங்கள். "ஊழியமாச் செய்யட்டும்" என்று சொல்லாதீர்கள். ஆர்கன் பழுதுபார்க்க வருகிறவருக்குக் கூலி கொடுக்கிறோம். வேலூர் கிறிஸ்தவ ஆலோசனை மையம் போன்ற இடங்களில் பயிற்சி கிடைக்கிறது. இறையியல் கல்லூரியில் ஆலோசனையை ஒரு பாடமாக நீங்களும் படித்திருக்கிறீர்கள்; அது தொடக்கம்தான் என்பதும் உங்களுக்குத் தெரியும். கன்வென்ஷன் மேடைக்கும் விளக்குக்கும் ஒதுக்குவதில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

கல்யாணத்துக்கு முன்பே வரும் பிள்ளைகளை மூன்று வாரம் ஆலயத்தில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசித்து அனுப்பிவிடாதீர்கள். கத்தோலிக்க மறைமாவட்டங்களில் திருமண ஆயத்த வகுப்பு முடித்தால்தான் தேதி. நம்மில் பல சேகரங்களில் ஹால் காலியாக இருந்தால் தேதி. அந்த வகுப்பில் வசனம் மட்டும் போதாது. கடன் எவ்வளவு, யார் வீட்டில் குடியிருப்பு, சீதனம் என்று என்ன பேசினீர்கள், எந்த நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று பையனையும் பெண்ணையும் தனித்தனியே கேளுங்கள். சம்மதமா என்பதையும் அப்படியே கேளுங்கள். சீதனம் 1961இலிருந்து சட்டப்படி குற்றம் என்பதை நிச்சயதார்த்த மேடையில் ஜெபிக்கப் போகும் ஆயர் அறிந்தே இருக்கிறார். நகைத் தட்டு கொண்டுவரப்படும்போது கண்ணை மூடி ஜெபிப்பது வசதியாக இருக்கிறது.

பிரிந்துதான் ஆகவேண்டும் என்று வந்துவிட்டவர்களை விரட்டாதீர்கள். 1869ஆம் ஆண்டின் சட்டப்படி கிறிஸ்தவக் கணவன், மனைவியின் விபசாரத்தை மட்டும் காட்டி விவாகரத்து கேட்க முடிந்தது. மனைவிக்கோ, பொதுவாக, விபசாரத்தோடு கொடுமையோ கைவிடுதலோ சேர்ந்திருந்தால்தான் வழி இருந்தது. 2001இல்தான் அந்த அநியாயம் திருத்தப்பட்டது. அவ்வளவு காலம் நாம் அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட்டோமா? நீதிமன்றம் விடுவித்த பெண்ணைப் பெண்கள் சங்கச் செயலர் பொறுப்பிலிருந்து நீக்குவதில் மட்டும் நாம் வேகமாக இருக்கிறோம்.

அவசரத்துக்கு எங்கே அனுப்புவது என்று தெரியாமல் தவிக்கும் ஆயர்களுக்காக: பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416, இலவச சட்ட உதவிக்கு 15100. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் குடும்ப வன்முறைச் சட்டத்துக்கான பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். மருத்துவம், காவல், சட்ட உதவி, சில நாள் தங்குமிடம் எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும் சகி மையங்கள் மாவட்டங்களில் இயங்குகின்றன. இந்த எண்களை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் பயனில்லை, அங்கே நின்று படித்தால் யார் படிக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்.

இந்த மடலுக்குப் பதிலாக என்னைப் பெண்கள் பண்டிகையில் பேச அழைக்கவேண்டாம், சால்வையும் வேண்டாம். அடுத்த மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேருங்கள். ஆலோசகருக்கு ஒரு அறை கொடுங்கள். அதற்கு ஆலய வாசலைத் தவிர இன்னொரு வழியும் இருக்கட்டும். சாவி செயலரிடம் இல்லாமல் அந்த அம்மாவிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சபையாள் ஒருத்தி